கண்ணை மூடச் சொன்ன கம்பெனி

எங்கள் யார்டில் கண்ணை மூடினால் வேலை போய்விடும். எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வண்டியின் கேபினிலும் ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராக ஒரு கேமரா இருக்கிறது. கண் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் மூடினால் அது கூவும். ஆபீஸிலும் தெரிந்துவிடும். எங்களோடு வண்டி ஓட்டிய அப்சல் அப்படித்தான் போனான். "தும்மினேன் சார், தும்மசொல்லோ எவன் சார் கண்ண தெறந்துகினு கீறான்?" என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தான். நடக்கவில்லை. இப்போது மாதவரம் பக்கம் எங்கோ லாரி ஓட்டுகிறான்.

அதே கம்பெனி ஒரு நாள் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. திங்கட்கிழமை முதல் காலை ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் வேலைக்கு முன்னால் கேன்டீனில் பத்து நிமிடம் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மன அமைதிக்கான தியானப் பயிற்சி. சொல்லித்தர ஒரு மேடம் வருவார். வருகை கட்டாயம்.

என் பெயர் ஜெயவேல். வயது நாற்பத்தெட்டு. திருவொற்றியூரில் வீடு. எர்ணாவூரில் இருக்கும் இந்த கன்டெய்னர் யார்டில் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். நீளமான கை வைத்த பெரிய வண்டி. கன்டெய்னரை மேலேயிருந்து கவ்வித் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். கன்டெய்னரை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். கேபினில் இருக்கும் எனக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. அதற்காகத் தரையில் நின்று விசிலும் கையுமாக வழி சொல்கிற சிக்னல்மேன் கலீலுல்லா. வண்ணாரப்பேட்டைக்காரன். என் தோஸ்து.

கலீலுல்லா நோட்டீஸைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமு இது? கண்ண மூடினான்னு தான அப்சல தொரத்தினானுங்க? இப்போ அவனுங்களே மூட சொல்றானுங்க. இதுல இன்னாவோ கீது."

"இன்னா கீது?"

"ஆள கொறைக்க போறானுங்க. நம்பள குந்த வச்சி கண்ண மூட சொல்வானுங்க. மேல கேமரா கீதுல்ல, அது புடிச்சிக்கும். அப்பால ஒரு நாள் கூப்ட்டு, பாருப்பா நீ டூட்டில தூங்கினு கீறன்னு போட்டாவ காட்டுவானுங்க. நீ இன்னா சொல்லுவ? தியானம் பண்ணேன்னா? கோர்ட்ல சிரிப்பானுங்க மாமு."

சிரிக்கலாம் என்று தோன்றியது, ஆனால் அவன் சொன்னதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு வேறு வேறு சந்தேகம். மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்றான் ஒருத்தன். பீம்ராவ்தான் இதைக் கொண்டுவந்திருப்பான் என்றான் இன்னொருத்தன். பீம்ராவ் வியாசர்பாடி. வீட்டில் புத்தர் படம் வைத்திருப்பவன். நான் லீவு போட்டால் என் வண்டியில் ஏறுகிற ஆளும் அவன்தான். என் இடம் காலியானால் அவனுக்குத்தான் லாபம் என்று கலீலுல்லா என் காதில் சொன்னான்.

அவன் சொன்னது எனக்கு உறைத்தது. ஏனென்றால் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணம் இருந்தது.

கோடை தொடங்கிய சமயம் ஒரு நாள், நான் தூக்கிய பெட்டியின் ஒரு மூலையில், வண்டியின் கை கவ்விப் பிடிக்கிற பூட்டு சரியாக விழவில்லை. பாதி உயரம் போனதும் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கலீலுல்லா நாய் மாதிரி ஒரு தாவு தாவி ஒதுங்கினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே அவன் அதை எல்லோருக்கும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான். என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு பெட்டி மேலே போகப் போக எனக்கு மார் இறுகியது. கை வியர்த்து லீவர் வழுக்கியது. சில நாள் வராது. சில நாள் வரும். வெளியே தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆபரேட்டர் சம்பளம் போய் எடுபிடி வேலைக்குப் போக வேண்டும். மனைவி கெங்கம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அதனால் போர்டில் "மனதைக் கவனித்தல்" என்று இருந்ததைப் படித்ததும், யாருடைய மனதை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை வந்தது. அந்த மேடம் சின்னப் பெண். பெயர் மெர்லின். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு ஸ்பீக்கரை வைத்தாள். "ஒண்ணும் கஷ்டம் இல்லண்ணே. குரல் சொல்றத கேளுங்க, போதும்" என்றாள். ஸ்பீக்கரிலிருந்து வேறொரு பெண்ணின் குரல் வந்தது. நியூஸ் வாசிக்கிற தமிழ்.

"உங்கள் கண்களை மென்மையாக மூடிக்கொள்ளுங்கள்."

ஒருத்தனும் மூடவில்லை. எல்லோரும் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண் சிமிட்டக்கூடப் பயம். ஒருத்தனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உங்கள் மூச்சை மாற்ற முயல வேண்டாம். அது வருவதையும் போவதையும் கவனியுங்கள்."

"மூச்சு எங்க போவுது? கரித்தூளு தான் உள்ள போவுது" என்றான் பின்னால் ஒருத்தன்.

பீம்ராவ் மட்டும் கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, சிலை மாதிரி இருந்தான். கலீலுல்லா என் விலாவில் இடித்தான்.

"பாத்தியா அவன? பழகனவன் மாமு. இவன் வேல தான் இது."

கொஞ்ச நேரத்தில் சிலையிடமிருந்து குறட்டை வந்தது. கேன்டீனே சிரித்தது. மெர்லினும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பீம்ராவ் திடுக்கிட்டு எழுந்து வாயைத் துடைத்தான்.

"இன்னா நைனா சிரிக்கிறீங்க? எங்கூட்டுக்காரி சங்கமித்ரா தான் புத்த விகாருக்கு போவா. நான் வாசல்ல செருப்ப பாத்துகினு குந்தினு இருப்பேன். எனுக்கு இன்னா தெரியும்?"

எல்லோரும் நம்பினார்கள். கலீலுல்லா மட்டும், "நடிக்கிறான்" என்றான்.

மறுநாள் கலீலுல்லா ஒரு ஏற்பாட்டோடு வந்தான். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டி வரிசைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் ஒருத்தன் இறங்கினால், அவன் வெளியே வரும்வரை இன்னொருத்தன் இடுக்கு வாயில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை செய்யக் கூடாது, போன் பேசக் கூடாது. உள்ளே போனவனுக்கு எதுவும் தெரியாது, அவன் கண் வெளியே நிற்பவனிடம் இருக்கிறது. இதைப் பார்வைக்கு நிற்பது என்போம். பார்வைக்கு ஆள் இல்லாமல் எவ்வளவு அவசரமானாலும் யாரும் இடுக்கில் இறங்க மாட்டார்கள்.

எல்லோரும் உட்கார்ந்ததும் கலீலுல்லா ஹெல்மெட்டை மாட்டி, விசிலை வாயில் வைத்து, கேன்டீன் வாசலில் போய் நின்றான்.

"அண்ணே, நீங்க ஒக்காரலியா?" என்று கேட்டாள் மெர்லின்.

"நான் பார்வைக்கு நிக்கிறேம்மா."

"எதுக்கு?"

"இத்தினி பேரு கண்ண மூடறாங்கள்ல? ஒருத்தனாவது பாக்கணும். எவனாவது போட்டா எடுத்தா விசில் அடிப்பேன். அல்லாரும் கண்ண தெறந்துருவாங்க."

நாங்கள் எல்லோரும் இதில் என்ன விசேஷம் என்பது போல அவளைப் பார்த்தோம். அவள் கலீலுல்லாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரிண்ணே. நல்லா பாத்துக்கோங்க" என்று ஸ்பீக்கரைத் தட்டினாள்.

அன்றுதான் நான் முதல் முறையாகக் கண்ணை மூடினேன். பார்வைக்குக் கலீலுல்லா நிற்கிறானே என்ற தைரியம். குரல் மூச்சைப் பார்க்கச் சொன்னது. பார்த்தேன். மூக்கு நுனி கொஞ்சம் குளிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது. வாசலில் கலீலுல்லாவின் பூட்ஸ் சிமென்ட் தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவன் தரையில் நிற்கிறான், அவன் தலைக்கு மேலே பெட்டி சாய்கிறது. கண்ணை மூடியிருந்தும் அப்படியே தெரிந்தது. மார் இறுகியது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது மெர்லின் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து, "அண்ணே, தண்ணி வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வோணாம்" என்றேன்.

அன்று மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் மெர்லினும் மேனேஜரும் பேசுவது தெரிந்தது. பேசிக்கொண்டே மேனேஜர் திரும்பி யார்டைப் பார்த்தார். யார்டில் எத்தனையோ வண்டி. அவர் என் வண்டியைத்தான் பார்த்தார் என்று எனக்குப் பட்டது.

அந்தக் குரலை எல்லோருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். வீட்டிலும் ஒரு தடவை கேட்க வேண்டுமாம். கேட்காவிட்டால் அதுவும் ஆபீஸுக்குத் தெரியுமோ என்று நினைத்து, சாயங்காலம் வீட்டில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கெங்கம்மா வந்து ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவா மூச்ச விடுங்கன்னு சொல்றா. யார்யா இவ?"

"கம்பெனில குட்த்தது."

"உனுக்கு மூச்சு வுட சொல்லி தர கம்பெனில பொம்பள வச்சிருக்காங்களா? மீன் ஆய சொன்னா முதுகு வலிக்குதுன்ற, இவ சொன்னா மட்டும் நிமிந்து குந்திகினு கீற." கேட்டுக்கொண்டே இருந்தவள் கொஞ்சம் கழித்து, "நல்லா தான் பேசறா" என்று அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் மெர்லின் தனியாக நின்றிருந்தாள். நான் நேராகப் போனேன்.

"மேனேஜராண்ட இன்னா சொன்ன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"எத்தன பேரு வந்தாங்கன்னு கேட்டாரு. சொன்னேன். எவன் ஒழுங்கா ஒக்கார்றதில்லன்னும் கேட்டாரு."

"அதான் கேக்குறேன். இன்னா சொன்ன?"

"எல்லாரும் தான்னேன்."

"நெசமா?"

"அண்ணே, நான் ராயபுரம். எங்கப்பாவும் ஹார்பர்ல வின்ச் ஓட்டனவரு தான். ஆள மாட்டி வுட்டு அந்த சம்பளத்துல சோறு துன்ற வூடு இல்ல எங்களுது." இவ்வளவு நாள் பேசிய மேடம் தமிழ் போய்விட்டது. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "கண்ண மூட பேஜாரா கீதுன்னா மூடாதீங்க. தெறந்தே வச்சிக்கோங்க. பாதம் எங்க படுதுன்னு மட்டும் பாருங்க. போதும்."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ராயபுரம் என்றால் உடனே நம்பிவிட வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் அப்படிச் சொன்னதே, என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததால்தானே?

அடுத்த வாரம் ஒரு நாள் காற்று கொஞ்சம் அதிகம். கழிமுகம் பக்கமிருந்து அடித்தது. மூன்றாவது அடுக்கில் ஒரு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. தூக்கினேன். இரண்டாவது அடுக்கைத் தாண்டியதும் வந்துவிட்டது. இதுவரை வந்ததிலெல்லாம் பெரியது. மூச்சு மேலே நின்றுவிட்டது. எதிரே கேமரா. கண்ணை மூட முடியாது. மூடவும் பயம்.

பாதம். அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. வலது கால் பிரேக் மேல் இருந்தது. பூட்ஸுக்குள் பெருவிரல் மடங்கியிருந்தது. இடது கால் நடுங்கியது. அதைப் பார்த்தேன். மார் இறுக்கம் போகவில்லை. இதைச் செய்தால் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இறுக்கம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. என் கை இப்போது வழுக்கினால் கீழே நிற்கிறவன் கலீலுல்லா.

கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியைத் தரைக்கு இறக்கினேன். இன்ஜினை நிறுத்தினேன்.

"இன்னா மாமு, எறக்கிட்ட?" என்று கீழேயிருந்து கத்தினான்.

"ஒண்ணுமில்ல, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். மார் இறுகுவதையும் கை வழுக்குவதையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டுங்க ஜெயவேல். வண்டி ஓட்டலாம்னு அவர் எழுதித் தர்ற வரைக்கும் கேட்ல நின்னு உள்ள வர்ற பெட்டியோட சீல் பாருங்க. பீம்ராவ் வண்டியைப் பாத்துக்கட்டும்."

கலீலுல்லாவிடம் பிரஷர் என்று சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"பிரஷரா? உனுக்கா? எவனோ போட்டு குட்த்துட்டான் மாமு. நீ வாய மூடிகினு இரு. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் கேன்டீனில் ஒருத்தனும் கண்ணை மூடவில்லை. முதல் நாள் மாதிரி கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மெர்லினையே முறைத்தார்கள். பீம்ராவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஸ்பீக்கரில் குரல் ஆரம்பித்தது. கலீலுல்லா எழுந்தான்.

"ஏம்மா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். எங்காளு எதுக்கு கேட்ல நிக்கிறான்?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதா? அன்னிக்கி அவன் கைய பாத்துகினு நின்ன. மத்தியானம் ஆபீஸ்ல போயி பேசின. மறு வாரம் ஆளு கேட்ல. இன்னா, எங்களுக்கு கண்ணு தெரியாதா? இல்ல, இந்தா குந்தினு கீறானே தூங்கற சாமியாரு, அவன் சொன்னானா?"

பீம்ராவ் எழுந்துவிட்டான். "த பாரு கலீலு, மரியாதயா பேசு. அவன் வண்டி எனுக்கு எதுக்கு? ரிலீவருக்கும் அதே துட்டு தான் வருது."

"சொம்மா உதாரு வுடாத!"

"நான் யாரையும் சொல்லலண்ணே" என்றாள் மெர்லின். ஸ்பீக்கரை அணைக்கப் போனாள், விரல் சரியாகப் படவில்லை. "எண்ணங்கள் வரட்டும், போகட்டும்" என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் அன்றோடு வர மாட்டாள். பீம்ராவ் என் வண்டியில் ஏறும்போதெல்லாம் கீழே இருக்கிறவர்கள் அவனை முறைப்பார்கள். என் பிரஷர் கதை அப்படியே நிற்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் நான் அப்படியே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

"யாரும் சொல்லல. நான் தான் சொன்னேன்" என்றேன்.

"நீ இன்னா சொன்ன?"

"எனுக்கு மேல தூக்கசொல்லோ மார அடைக்குது. கை நிக்க மாட்டேங்குது. அந்த பெட்டி சாஞ்சிச்சே, அதுலேர்ந்து."

கலீலுல்லா கணக்குப் போடுகிற மாதிரி உதட்டை அசைத்தான்.

"அதுலேர்ந்தா? கோடையிலேர்ந்தா?"

"ஆமா."

"அப்போ இத்தினி நாளும் நீ மேல பேஜாராயி குந்தினு கீற. நான் கீழ நின்னுகினு, வா மாமு, வா மாமுன்னு கைய ஆட்டினு கீறேன்." அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "கம்பெனி மேல சந்தேகப்பட்டேன். இந்த பொண்ணு மேல பட்டேன். பீம்ராவு மேல பட்டேன். உன் மேல படணும்னு எனுக்கு தோணவே இல்லியே மாமு."

மெர்லினிடம் போய், "மன்ச்சிக்கமா" என்றான். பீம்ராவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

பெரியாஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை, பயத்தால் வருவது என்று வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள். கூட வந்த கெங்கம்மா வழியெல்லாம் திட்டினாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூச்சைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடாதீர்கள் என்றார். கம்பெனி இவரிடமும் பேசிவிட்டதோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

ரொம்ப நாள் கேட்டில் நின்றேன். கலீலுல்லா போகும்போதும் வரும்போதும் தலையை மட்டும் ஆட்டுவான். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்ததும் மேனேஜர் கூப்பிட்டார். கீழே நிற்கிறவன் சம்மதித்தால் ஏறுகிறேன் என்று சொன்னேன். அவர் கலீலுல்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏறட்டும் சார். ஆனா ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் முன்னாடி நான் கேப்பேன். அவன் சொல்லணும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. நான் கேபினில் உட்கார்ந்ததும் அவன் கண்ணாடிக்கு நேரே வந்து நின்று, "எப்டி கீது?" என்று கேட்பான். நான் பாதத்தைப் பார்ப்பேன், மூச்சைப் பார்ப்பேன், பிறகு சொல்வேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அவன் உடனே நம்புவதில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவான். முன்பெல்லாம் அப்படிப் பார்த்ததில்லை.

நேற்று மழைக்காற்று. அவன் வந்து கேட்டான். பார்த்தேன். மாருக்கு நடுவில் லேசாக ஆரம்பித்திருந்தது. அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

"இன்னிக்கு வோணாம்" என்றேன்.

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பீம்ராவு, நீ ஏறு" என்று கத்திவிட்டு, நான் ஏணியில் இறங்க வசதியாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.